இயற்கை அடக்கம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷங்களாக இயற்கை அடக்கம் நடக்கும் ஒரு நிலத்தில் கூடமாட உதவி வருகிறேன். குழி வெட்டுவேன், மண் தள்ளுவேன், மற்ற நாட்களில் களை எடுப்பேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான், பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. சொன்னதையே மறுபடி சொல்லாமல் இருக்கப் பார்த்திருக்கிறேன்.

இயற்கை அடக்கம்னா என்ன? சும்மா குழி வெட்டிப் புதைக்கிறதுதானே?

ஆமாம், கிட்டத்தட்ட அதேதான். உடலுக்கு மருந்து ஏற்றிப் பதப்படுத்தாமல், மக்கக்கூடிய துணியில் சுற்றியோ சாதாரண மரப்பெட்டியில் வைத்தோ, உள்ளே கான்கிரீட் எதுவும் கட்டாமல் நேராக மண்ணில் கிடத்தி மூடுவது. மேலே பளிங்கு மேடை கிடையாது. புல்லோ செடியோ அதன்போக்கில் வளரும்.

செய்ய வேண்டியதைவிட, செய்யாமல் விட வேண்டியதுதான் இதில் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மத்த கல்லறையிலயும் மண்ணுக்குள்ளதானே போறாங்க, அதுல என்ன கெடுதல்?

மண்ணுக்குள் போகிறார்கள், ஆனால் மண்ணைத் தொடுவதில்லை. பல நாடுகளில் வழக்கமாகிவிட்ட நவீன அடக்கத்தில் முதலில் இரத்தத்தை வெளியேற்றிவிட்டு ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை உடலுக்குள் ஏற்றுகிறார்கள். இதுதான் எம்பாமிங். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதனால் முதலில் பாதிக்கப்படுவது மண்கூட இல்லை, நாள் முழுக்க அதன் நெடியைச் சுவாசித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறவர்கள்.

அடுத்தது பெட்டி. வார்னிஷ் அடித்த உயர்ரக மரம் அல்லது எஃகு, உள்ளே பாலியெஸ்டர் மெத்தை, பித்தளைக் கைப்பிடி. அந்தப் பெட்டியை வைக்க ஒரு கான்கிரீட் தொட்டி வேறு. அந்தத் தொட்டி இறந்தவருக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேல்மண் உள்வாங்கிப் பள்ளம் விழாமல், புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுவதற்குச் சமதளமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அதை வைக்கச் சொல்கிறார்கள்!

இது புதுசா கிளம்பின ஃபேஷனா?

பெயர்தான் புதிது. மனிதர்கள் தங்கள் இறந்தவர்களைப் பெரும்பாலும் இப்படித்தான் புதைத்தார்கள். இஸ்லாமியர்கள் துணியில் சுற்றிப் புதைப்பதும், யூதர்கள் அலங்காரமில்லாத மரப்பெட்டியில் புதைப்பதும் இன்றுவரை தொடர்கின்றன. மேலே சொன்ன எம்பாமிங்தான் புது வரவு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களை ஊருக்கு அனுப்புவதற்காகப் பரவியது அது. 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உடலைப் பதப்படுத்தி, கிட்டத்தட்ட இரண்டு வாரம் ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனபோது லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இப்போதைய இயக்கத்துக்குத் தொடக்கம் என்று சொல்லப்படுவது இங்கிலாந்தின் கார்லைல் நகரக் கல்லறை. அதன் பொறுப்பாளர் கென் வெஸ்ட் 1993இல் அங்கே ஒரு பகுதியைக் காடாக வளரும் அடக்க நிலமாகத் திறந்தார். இன்று பிரிட்டனில் இப்படிப்பட்ட இடங்கள் 200க்கும் மேல் இருக்கின்றன. அமெரிக்காவில் முதலாவது, தென் கரோலினாவில் 1998இல் தொடங்கிய ராம்சே கிரீக். அதைத் தொடங்கியவர் பில்லி கேம்பெல் என்ற மருத்துவர். அங்கே அடக்கம் செய்வதே காட்டைக் காப்பாற்றும் வழி. இந்த வித்தியாசம் முக்கியம், கடைசிக் கேள்விகளில் இதற்குத் திரும்ப வருவேன்.

ஆறடி ஆழம் வேணும்னு சொல்வாங்களே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். 'கடைசியில் ஆறடி மண்தான்' என்று நாம் சொல்வது படுக்கும் நீளத்தை, அதை யாரோ ஆழமாக மாற்றிவிட்டார்கள்!

இயற்கை அடக்கத்தில் குழி மூன்று, மூன்றரை அடிதான். மண்ணின் உயிர் முழுவதும் மேல்பகுதியில் இருக்கிறது. நுண்ணுயிர், பூஞ்சை, மண்புழு, வேர், காற்று, கதகதப்பு எல்லாம் அங்கேதான். கீழே போகப்போக மண் இறுகும், குளிரும், காற்று குறையும். காற்றில்லாத இடத்தில் உடல் மக்குவதற்குப் பதில் அழுகும், மீத்தேன் உண்டாகும். ஈரமும் சேர்ந்துவிட்டால் உடலின் கொழுப்பு சோப்பு மாதிரி, மெழுகு மாதிரி கட்டிப்போய் பல வருஷம் அப்படியே கிடக்கும். 19ஆம் நூற்றாண்டில் காஸ்பர் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு கணக்கு சொன்னார்: திறந்த வெளியில் ஒரு வாரத்தில் நடக்கும் சிதைவுக்குத் தண்ணீரில் இரண்டு வாரம், மண்ணுக்குள் எட்டு வாரம். தோராயமான கணக்குதான், ஆனால் காற்று என்ன செய்கிறது என்பது புரியும்.

குழி வெட்டும்போதே இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் ஒன்றரை அடி கறுப்பாக, பொலபொலவென்று, வேர் மண்டி வரும். அதன்கீழ் நிறம் மாறும். நான்கு அடிக்குமேல் தோண்டினால் எங்கள் நிலத்தில் சட்டி செய்கிற மாதிரிக் களிமண், புழு ஒன்றுகூட இருக்காது. அதற்குள் ஒருவரைக் கிடத்திவிட்டு 'மண்ணோடு கலந்தார்' என்று சொன்னால் அது பேச்சுக்குத்தான்.

அவ்ளோ மேலாக வச்சா நாய் நரி தோண்டாதா? நாத்தம் வராதா?

உடலுக்குமேல் குறைந்தது ஒன்றரை அடி மண் மூடியிருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. அந்த அளவு மண் நாற்றத்தை உறிஞ்சிவிடும். நாற்றம் வெளியே வராவிட்டால் மிருகத்துக்கு அங்கே வேலை இல்லை. இதுவரை எங்கள் நிலத்தில் ஒரு குழியைக்கூட எதுவும் தோண்டியதில்லை. அதுபோக, வெட்டிய மண் முழுவதையும் மேலே கூம்பாகக் குவித்துவிடுவோம், அதனால் ஒன்றரை அடி என்பது இன்னும் கூடும்.

ஆரம்பத்தில் ஒருமுறை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மண்மேட்டை வெட்டிச் சமன்செய்துவிட்டேன். முதல் பெரிய மழையிலேயே பெரிய பள்ளம். உறவினர்கள் வருவதற்குள் மண் சுமந்து கொட்டினேன். உடல் மக்க மக்க மண் கீழே இறங்கும், மேடு தானாகவே ஒரு வருஷத்தில் தரைமட்டத்துக்கு வந்துவிடும். மேடு அசிங்கமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

எத்தனை நாள்ல மக்கும்? எலும்பு என்னாகும்?

தசையும் உள்ளுறுப்புகளும் மக்கச் சில மாதங்களிலிருந்து ஓரிரு வருஷம் ஆகலாம். வெப்பம், ஈரம், ஆழம், மண்ணின் வகை எல்லாவற்றையும் பொறுத்தது. எலும்பு வேறு கதை. அதன் கால்சியம் பாஸ்பேட் அமில மண்ணில் கரையும், காரமான சுண்ணாம்பு மண்ணில் நிற்கும். ஆகவே ஒரு நிலத்தில் சில பத்தாண்டுகளில் காணாமல் போகும் எலும்பு இன்னொரு நிலத்தில் நூற்றாண்டுக்குமேல் இருக்கும். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை, எலும்பால் மண்ணுக்குக் கெடுதல் இல்லை.

என்ன துணி போடலாம்? பெட்டி கண்டிப்பா வேணுமா?

நிலத்தின் விதி தடுக்காவிட்டால் பெட்டி வேண்டாம். பருத்தி, லினன், பட்டு, கம்பளி எதுவானாலும் சரி. அவருக்குப் பிடித்த பழைய பருத்திப் போர்வையே போதும், நான் பார்த்ததில் மிக நல்ல அடக்கங்கள் அப்படி நடந்தவைதான். பாலியெஸ்டர், நைலான், எலாஸ்டிக், ஜிப், தோல் செருப்பு, பிளாஸ்டிக் பொத்தான் இவற்றைக் கழற்றிவிடுங்கள். துணியில் சுற்றும்போது அடியில் ஒரு பலகை வைத்துக்கொண்டால் தூக்கவும் இறக்கவும் லேசு. பலகை இல்லாமல் இறக்க முயன்று தடுமாறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டிதான் வேண்டும் என்றால் வார்னிஷ் அடிக்காத மரம், மூங்கில், பிரம்பு, அட்டை. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசைதான் இருக்கும், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடும். அதேபோல, கடல்கடந்து கப்பலில் வரும் 'பசுமை' பிரம்புப் பெட்டியைவிடப் பக்கத்துத் தச்சர் அடித்துத்தரும் சாதாரணப் பெட்டி மேல்.

மருந்து ஏத்தலைன்னா சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் எப்படி வைக்கிறது?

குளிர்ச்சிதான் பதில். குளிர்பதனப் பெட்டியில் பல நாள் வைக்கலாம். வீட்டில் என்றால் உலர் பனிக்கட்டியை வயிற்றுக்கும் மார்புக்கும் மேலும் கீழும் வைத்து, அறையைக் குளிராக வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். உலர் பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு, மூடிய அறையில் அது நிறைந்தால் ஆபத்து. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், வெறும் கையால் தொடாதீர்கள்.

விமானத்தில் நாடு விட்டு நாடு கொண்டுபோவதென்றால் பல இடங்களில் எம்பாமிங் கட்டாயம். அப்படி வந்த உடலைச் சில இயற்கை அடக்க நிலங்கள் ஏற்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணத்துத் தண்ணி கெட்டுப்போகாதா?

நியாயமான பயம். இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கெடும், அது எந்தக் கல்லறைக்கும் பொருந்தும். உதாரணத்துக்கு, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வகுத்த வழிகாட்டுதலில் குடிநீர் எடுக்கும் கிணறு, ஊற்றிலிருந்து 250 மீட்டர், மற்ற ஓடைகளிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்று இருக்கிறது. குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர் மட்டத்திலிருந்து ஒரு மீட்டராவது மேலே இருக்கவேண்டும், அதுவும் மழைக்காலத்தில் நீர் உயர்ந்து நிற்கும்போது எடுத்த கணக்குப்படி.

ஆழம் குறைந்த குழி இங்கேயும் உதவுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடியில் கூடுதலாக மூன்றடி மண் இருக்கிறது, அது வடிகட்டி. மண்ணின் தன்மையும் பார்க்கவேண்டும். வெறும் மணலாக இருந்தால் கசிவு நேராகக் கீழே இறங்கிவிடும், ஒட்டும் களியாக இருந்தால் நீர் தேங்கும். இரண்டும் கலந்த மண்தான் நல்லது.

நோய் வந்து இறந்தவங்க? பேஸ்மேக்கர், நிறைய மாத்திரை சாப்பிட்டவங்க?

உடல் செத்ததும் அதிலிருந்து நோய் கிளம்பி ஊரைச் சூழும் என்பது பழைய பயம். பெரும்பாலான கிருமிகள் ஆள் இறந்தபின் அதிக நாள் தாங்குவதில்லை. பேரிடர்களில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார அமைப்பே திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் எபோலா, காலரா போன்றவை விதிவிலக்கு. அப்போது சுகாதாரத் துறை சொல்வதுதான் சட்டம், அதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை.

பேஸ்மேக்கரை எடுத்துவிடவேண்டும், உள்ளே பேட்டரி இருக்கிறது. (எரிப்பதாக இருந்தாலும் எடுத்தாகவேண்டும், சூட்டில் வெடிக்கும்.) இடுப்பில் வைத்த டைட்டானியம் மூட்டு கிடந்தால் கிடக்கட்டும். மாத்திரைகளைப் பொறுத்தவரை, உயிரோடு இருந்தபோது சிறுநீர் வழியாக வெளியேறியதோடு ஒப்பிட்டால் உடலில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எரிக்கிறதைவிட இது நல்லதா? எரிச்சா இடமாவது மிச்சமாகுதே?

இடம் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிவாயுத் தகனத்தில் 800 டிகிரி செல்சியஸுக்குமேல் சூட்டை ஒன்றரை மணி நேரம்போலத் தக்கவைக்கவேண்டும். ஓர் உடலுக்கு வெளியாகும் கரியமில வாயு 200 கிலோவுக்குமேல் போகும் என்று கணக்கிடுகிறார்கள். பல் அடைப்பில் பாதரசக் கலவை இருந்தால், அதில் பாதி பாதரசம், அது புகையோடு காற்றுக்குப் போகும், வடிகட்டி இருந்தால் குறையும். மின்சாரத்தில் எரித்தால் அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும், விறகில் எரித்தால் மரம் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எரித்தால் உடலின் நைட்ரஜனும் கார்பனும் காற்றோடு போய்விடும். 70 கிலோ உடலில் கார்பன் ஏறக்குறைய 16 கிலோ, நைட்ரஜன் 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இது பெரிய உரமூட்டை இல்லை, 'உங்கள் உடலால் காடு செழிக்கும்' என்று யாராவது உணர்ச்சிவசப்பட்டால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஒரு மனிதன் வாழ்நாளில் வெளியேற்றும் புகையோடு ஒப்பிட்டால் அடக்கத்தில் மிச்சமாவது சொற்பம். எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது வேறு, அது கீழே வருகிறது.

காளான் உடை, முட்டைக்கூடு, மரமாக மாறுவது... அதெல்லாம் வாங்கலாமா?

காளான் வித்துகள் சேர்த்த உடையில் அமெரிக்க நடிகர் லூக் பெர்ரி 2019இல் அடக்கம் செய்யப்பட்டார், அதிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். உடல் மக்குவதற்குத் தேவையான பாக்டீரியாவில் பெரும்பகுதி நம் குடலிலேயே இருக்கிறது, மிச்சம் மண்ணில் இருக்கிறது. அதற்குமேல் உடை வாங்கி உதவ வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. மனதுக்கு ஆறுதல் என்றால் தடுக்கமாட்டேன்.

முட்டைபோன்ற கூட்டுக்குள் உடலைச் சுருட்டி வைத்து மேலே மரம் நிற்கும் அந்தப் படம், சித்தெல்லி, பிரெட்செல் என்ற இரண்டு இத்தாலிய வடிவமைப்பாளர்களின் யோசனை. படம் அழகு. ஆனால் அப்படிச் செங்குத்தாக வைக்க ஆழமான குழி வேண்டும், ஆழம் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். சாம்பலில் மரம் வளர்க்கும் குடுவைகளும் விற்கிறார்கள். தகனச் சாம்பல் கடுமையான காரம், உப்பும் அதிகம், அப்படியே வேரில் போட்டால் செடி வாடும். நிறைய மண்ணும் மக்கிய உரமும் கலந்தால்தான் தப்பிக்கும்.

அப்ப குழிமேல நேரா ஒரு மரம் நடலாமா?

நடலாம், உடனே வேண்டாம். மண் இறங்கிக்கொண்டிருக்கும்போது நட்டால் கன்று சாய்ந்துவிடும், வேர் அந்தரத்தில் தொங்கும். ஒரு வருஷம் பொறுங்கள். அந்த மண்ணுக்குரிய மரமாக இருக்கட்டும். நிலம் புல்வெளியாக இருந்தால் மரமே வைக்காமல் புல்லாக விடுவதுதான் அங்கிருக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் நல்லது. மரம் என்றால்தான் பசுமை என்று நமக்கு ஒரு நினைப்பு.

கன்று பட்டுப்போனால் உறவினர்கள் இரண்டாவது முறை இழந்ததுபோல அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே, குறிப்பிட்ட ஒரு மரத்தை அவராக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

கல்லு இல்லைன்னா எங்க இருக்காங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதிவேட்டில் ஒவ்வொரு குழிக்கும் எண்ணும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் இருக்கும். சில இடங்களில் தரையோடு பதித்த சின்னக் கல்லை அனுமதிக்கிறார்கள். வருஷங்கள் போனால் வருகிறவர்கள் குழியைத் தேடுவதை விட்டுவிட்டு நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போகிறார்கள்.

தண்ணியில கரைக்கிறாங்களாம், உரமாக்குறாங்களாம், அதெல்லாம் இதைவிட மேலா?

இரண்டும் உண்மைதான். முதலாவதில் வெந்நீரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து உடலைக் கரைக்கும், எலும்பு மட்டும் மிஞ்சும். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் இறந்தபோது அவர் விருப்பப்படி இப்படித்தான் செய்தார்கள். இரண்டாவதில் மரச்சீவல், வைக்கோல், குதிரைமசாலோடு உடலை மூடிய கலத்தில் வைத்துச் சில வாரங்களில் மண்ணாக்குகிறார்கள். இதை முதலில் சட்டமாக்கியது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், 2019இல்.

நெருக்கமான நகரத்தில் இருப்பவருக்கு இவை நல்ல வழிகள். ஆனால் இரண்டுக்கும் கட்டடம், இயந்திரம், மின்சாரம் வேண்டும். குழிக்கு ஒரு மண்வெட்டியும் நாலு பேரும் போதும்.

எல்லாரும் புதைச்சா நிலம் எங்க இருக்கு?

எல்லோருக்கும் இதுவே தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். நகரத்துக்கு நடுவில் இது முடியாது. ஆனால் கான்கிரீட் இல்லாத குழியை ஒரு தலைமுறை கழித்து மறுபடி பயன்படுத்தலாம். ஜெர்மனி போன்ற நாடுகளில் குழியை 20, 30 வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

மேலே சொன்ன லாபம் இங்கேதான் இருக்கிறது. ராம்சே கிரீக் போன்ற இடங்களில் நிலம் இனி எந்தக் காலத்திலும் மனையாகாது என்று பத்திரத்திலேயே கட்டிப்போட்டு, அடக்கத்தில் வரும் பணத்தில் காட்டைப் பராமரிக்கிறார்கள். யாராவது அங்கே வீடு கட்ட நினைத்தாலும் முன்னோர் கிடக்கும் இடத்தில் கைவைக்கத் தயங்குவார்கள். ஓர் உடலின் இரண்டு கிலோ நைட்ரஜனைவிட ஓர் உடலின் பெயரால் காப்பாற்றப்படும் நிலம் பெரியது.

'இயற்கை'ன்னு போர்டு வச்சிருக்காங்க, நம்பலாமா?

போர்டைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். எம்பாமிங் செய்த உடலை ஏற்பீர்களா, குழி எவ்வளவு ஆழம், உள்ளே கான்கிரீட் உண்டா, பூச்சிக்கொல்லி அடிப்பீர்களா, நிலத்துக்குச் சட்டப்படி என்ன பாதுகாப்பு, நீங்கள் மூடிவிட்டுப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசி இரண்டுக்கும் தயங்கினால் யோசியுங்கள்.

அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய கிரீன் பரியல் கவுன்சில் மூன்று நிலைகளில் சான்று தருகிறது: வழக்கமான கல்லறைக்குள் தனியே ஒரு பகுதி, முழுக்க இயற்கை அடக்க நிலம், வனப் பாதுகாப்போடு சேர்ந்த நிலம். சான்று இல்லாத இடத்திலும் அந்த மூன்றில் இது எது என்று கேட்டுப்பாருங்கள்.

சொந்தத் தோட்டத்துலயே புதைக்கலாமா?

சில நாடுகளில் முடியும், சிலவற்றில் அறவே முடியாது. உள்ளாட்சியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், கிணறு பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். சட்டம் இடம் கொடுத்தாலும் ஒன்றை யோசியுங்கள்: நிலம் நாளைக்குக் கைமாறினால் வாங்கியவர் உங்களை உள்ளே விடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எனக்கு ஆசை, வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?

பல இடங்களில் அடக்கத்தை முடிவு செய்யும் உரிமை நெருங்கிய உறவினருக்குத்தான், இறந்தவரின் ஆசைக்குச் சட்ட வலு குறைவு. உயிலில் மட்டும் எழுதிவைப்பது உதவாது, பெரும்பாலும் எல்லாம் முடிந்தபிறகுதான் உயிலைப் பிரிப்பார்கள். தனித்தாளில் எழுதி, கையெழுத்திட்டு, முடிவெடுக்கப்போகிற ஆளின் கையிலேயே கொடுங்கள்.

அப்புறம் அவர்களை ஒருநாள் நிலத்துக்குக் கூட்டி வாருங்கள். வாதம் செய்து மனம் மாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் நிலத்துக்கு ஓர் அம்மா மகனோடு சண்டை போட்டபடியே வந்தார், காடு மாதிரி கிடக்கிறது, பாம்பு வரும் என்றார். மகன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன வருஷத்து மேட்டில் வந்திருந்த பூச்செடி என்ன செடி என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.